ராக்கெட்டுக்கு வைத்த பொட்டு

பானுவுக்குப் பொட்டு வைக்கத் தெரியும். இதைச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். பொட்டு வைக்கத் தெரியாத பொம்பளை எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்பார்கள். ஆனால் நெற்றிக்கு வைப்பது வேறு, எந்திரத்துக்கு வைப்பது வேறு. எண்ணெய் பிசுபிசுத்த இரும்பில் சந்தனம் ஒட்டாது. காலையில் வைத்தால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வழிந்து தரையில் கிடக்கும். அதை யாராவது மிதிப்பார்கள், அப்புறம் அபசகுனம் என்று ஒரு பேச்சு கிளம்பும், அது ஒரு மாசத்துக்கு ஓயாது. பானு அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். எந்திரத்தில் எங்கே திருகாணி இருக்கிறதோ அதன் தலைக்குழியில், அது இல்லையென்றால் ஏதாவது சின்னத் துளையில், சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்துவிடுவாள். அதன்மேல் குங்குமம். அப்படி வைத்த பொட்டு அடுத்த வருஷத்துப் பூஜை வரைக்கும் அசையாது.

அவள் பிறந்தது, படித்தது, கட்டிக்கொண்டது எல்லாம் புனேயின் கட்கியில்தான். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அந்த வேலை பானுவுக்குக் கிடைத்தது. வெடிமருந்து நிரப்பும் பிரிவில் போட்டார்கள். தீப்பெட்டி கூடாது, கற்பூரம் கூடாது, காலில் கொலுசுகூடக் கூடாது. அங்கே நடக்கும் ஆயுத பூஜை தீபமில்லாத பூஜை. பூவும் பொட்டும் மட்டும்தான்.

அவள் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பிரிவில் இரண்டு விரல்கள் போயின. அடுத்து வந்த பூஜைக்குத் தட்டைத் தொட ஆளில்லை. மேஸ்திரி ஒவ்வொருத்தி முகமாகப் பார்க்க, ஒவ்வொருத்தியும் கூரையைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே பானு போய்த் தட்டை வாங்கினாள். அதன்பிறகு இத்தனை வருஷமாக அந்தப் பிரிவில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. விதிமுறைகளை இறுக்கியதும் புது எந்திரம் வந்ததும்கூடக் காரணமாக இருக்கலாம். இருந்தாலும் பெயர் வாங்கியது பானுவின் கைதான். கைராசிக்காரி என்று ஆகிவிட்டது. பக்கத்துப் பிரிவுகளிலிருந்து மராட்டிப் பெண்கள் அக்கா முறை வைத்து ‘பானு தாயி, எங்களுக்கும் வந்து வை’ என்று தேடி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். யாரும் தேடி வந்து கூப்பிடும் அளவுக்கு அவள் வாழ்க்கையில் வேறு எதுவும் இருந்ததில்லை. நன்றாகச் சமைப்பவள் என்றுகூட யாரும் சொன்னது கிடையாது.

புருஷன் பரமசிவத்துக்குக் கராடியில் ஒரு ஐ.டி. கம்பெனி வாசலில் இரவுக் காவல். பகலில் தூங்குகிற மனிதர். பேச்சும் அதற்குத் தகுந்த அளவுதான். ஒரே பையன் சபரி. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தான். தமிழ் பேசுவதற்குள் இந்திக்குள் விழுந்து எழுந்துதான் வருவான். கல்லூரியில் ஒரு மாணவர் குழு ராக்கெட் செய்து போட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் சேர்ந்த பிறகு வீட்டில் அவன் வாய் ஓயவில்லை. சோற்றுத் தட்டில் சாம்பாரைக் குளம்கட்டி வைத்துக்கொண்டு, அப்பளத்தை மேலே தூக்கிக் காட்டி விளக்குவான். ராக்கெட் உச்சிக்குப் போனதும் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கருவி அதைக் கண்டுகொண்டு பாராசூட்டை வெளியே தள்ளும். ராக்கெட் ஆடி அசைந்து பத்திரமாக இறங்கும். அந்தக் கருவிதான் சபரியின் பொறுப்பு. ஒயர் வேலை மட்டும் அவன் சிநேகிதன் சலீம் பார்த்தான். சலீம் அதே கட்கியில் அடுத்த சந்து, வீட்டில் தமிழும் உருதுவும் கலந்து பேசுகிறவர்கள். சின்ன வயசிலிருந்து பானு வீட்டில் பாதிச் சோறு தின்று வளர்ந்தவன்.

உச்சிக்குப் போனது அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும் என்று பானு ஒருமுறை கேட்டாள். மேலே போகப் போகக் காற்று இளைக்கும், அதை வைத்துக் கருவி தெரிந்துகொள்ளும் என்றான். மூடின குழாய்க்குள் காற்று எந்த வழியாகப் போகும் என்று அவள் கேட்கவில்லை. அப்பளம் ஆறிக்கொண்டிருந்தது, சாப்பிடுடா என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

கடைசி வருஷத்தில் அவர்கள் ராக்கெட் வடக்கே நடக்கும் பெரிய போட்டிக்குத் தேர்வானது. தெற்கிலிருந்து ராக்கெட் செய்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க அங்கே வருவதாகவும், சபரியோடு பேசுவதாகச் சொல்லியிருப்பதாகவும் தெரிந்தது. பையன் ராத்திரி பகல் பார்க்காமல் பட்டறையிலேயே கிடந்தான். பானுவுக்குப் பெருமை தாங்கவில்லை. தொழிற்சாலை கேன்டீனில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னாள்.

ராக்கெட்டை டெம்போவில் ஏற்றுகிற அன்று அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தட்டும் சந்தனமுமாகக் கல்லூரிக்கே போய் நின்றாள். சபரி கூப்பிடவில்லை. தொழிற்சாலைச் சேலையில், கழுத்தில் அடையாள அட்டையோடு அம்மாவைப் பார்த்ததும் அவன் காது சிவந்தது. ஆனால் மற்ற பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அவர்கள் தேங்காய் உடைக்கத்தான் ஆயத்தமாக இருந்தார்கள். வாங்க காக்கூ என்று சித்தி முறை வைத்து வழிவிட்டார்கள். கற்பூரம் ஏற்றலாமா என்று ஒரு பையன் கேட்டதற்குப் பானு பதறிப்போய், மருந்து இருக்கும் இடத்தில் நெருப்பே ஆகாது என்று அதட்டினாள். மருந்தெல்லாம் மைதானத்தில்தான் ஏற்றுவோம், இப்போது வெறும் கூடுதான் என்று அவர்கள் சிரித்தார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை ஜாக்கிரதைக்காரி.

கறுப்பு வண்ணம் அடித்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது ராக்கெட். பானு உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். இதில் சந்தனம் நிற்காது என்று ஒரு தடவலில் தெரிந்துவிட்டது.

“எங்க வைக்கட்டும் சபரி?”

அவன் குனிந்து, ராக்கெட்டுக்கு அடியில் போடப் பஞ்சு மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. “எங்கனா வைம்மா. ஜல்தி.”

அவள் தேடினாள். குழாயின் நடுவில், சுற்றிச் சமதூரத்தில் மூன்று சின்னத் துளைகள் கண்ணில் பட்டன. திருகாணி கழற்றிய துளைகள் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கம்போலச் சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்து, மேலே குங்குமம் வைத்தாள். மூன்று பொட்டும் வரிசையாக அழகாக உட்கார்ந்தன. பிள்ளைகள் கை தட்டினார்கள். தன் ஆயுசிலேயே உருப்படியாகப் பொட்டு வைத்தது இன்றைக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

போட்டி நாளன்று செல்போனில் நேரலை காட்டினார்கள். பரமசிவம் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். ராக்கெட் புகையைக் கக்கிக்கொண்டு நேராக ஏறியது. பானு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வர்ணனை செய்கிறவன் பாராசூட் எங்கே, பாராசூட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு அவனும் பேச்சை நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரத்தில், தூரத்து வயலில் தலைகுப்புற வந்து குத்தி மண்ணைக் கிளப்பியதைக் காட்டினார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரமசிவம் போச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சபரி திரும்பி வந்து பையை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். துளை போட்டதில் தப்பு பண்ணிவிட்டேன், அதனால்தான் பாராசூட் திறக்கவில்லை என்றான். எந்தத் துளை என்று பானு கேட்கவில்லை. அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாளே, அந்த ஆத்திரம். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தன் கையால் பொட்டு வைத்து அனுப்பியது கீழே விழுந்துவிட்டதே என்ற பயம். பையனின் வாக்கியம் அந்தப் பயத்தைத் தீர்த்து வைத்தது. அந்த நிம்மதியில்தான் அவளுக்கு வாய் நீண்டது.

“நான் வச்ச பொட்டு மேல போச்சிடா. உன் வேலைதான் கீழ வுழுந்துச்சி.”

சபரி சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். மாடிக்குப் போய்விட்டான்.

ஒரு தடவை சொன்னதோடு அவள் விடவும் இல்லை. தொழிற்சாலையில் கேட்டவர்களிடம் சொன்னாள். தேகு ரோடு சொந்தக்காரர்கள் வந்தபோது, அவன் காது கேட்கவே சொன்னாள். பையன் துளையைத் தப்பாகப் போட்டுவிட்டான், மற்றபடி என் கையில் குறை இல்லை என்று. கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த வருஷமும் பக்கத்துப் பிரிவுக்காரர்கள் அவளைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சபரி குழுவை விட்டு விலகினான். அந்தக் கம்பெனிக்காரர்கள் பேச்சை அவன் எடுக்கவில்லை. இவளும் கேட்டுக் கேட்டுச் சலித்து விட்டுவிட்டாள். படிப்பு முடிந்ததும் தளேகாவில் ஒரு பல்சக்கரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். நாள் முழுக்கப் பல்சக்கரத்தை அளந்து பார்த்து நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று போடுகிற வேலை. பழைய பம்பாய் ரோட்டில் பைக்கில் போய் வந்தான். வீட்டில் பேச்சு குறைந்தது. சலீமும் வருவதை நிறுத்திவிட்டான். தப்பு செய்தவனோடு யார் சேருவார்கள் என்று பானு நினைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படித்தான் நினைத்தாள்.

இந்த வருஷம் தசராவுக்கு முந்தின வாரம், கல்லூரிக் குழு மறுபடி போட்டிக்குக் கிளம்புகிறது என்று கேள்விப்பட்டாள். அவள் மனசு இருப்புக் கொள்ளவில்லை. இந்தத் தடவை தன் பொட்டோடு போய்ப் பத்திரமாக இறங்கிவிட்டால், போன வருஷத்துப் பேச்சு அடங்கிவிடும். சபரியும் கொஞ்சம் முகம் தெளிவான். அவனிடம் சொல்லாமலே தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் பட்டறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. போன வருஷத்துப் பிள்ளைகள் சிலர் அங்கே இருந்தார்கள். அதே கல்லூரியில் மேலே படித்துக்கொண்டிருந்த சலீம் கடைசி மேஜையில் ஏதோ ஒயரை வைத்துக்கொண்டு இருந்தான். வாங்க காக்கூ என்றார்கள், ஆனால் ஒருவரும் கிட்டே வரவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் மட்டும் ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பானு தடவிப் பார்த்தாள். அதே வழவழப்பு. அதே மூன்று துளைகள், ஆனால் இந்தத் தடவை சிவப்பு டேப் ஒட்டி மூடியிருந்தது. அவள் நகத்தால் டேப்பைப் பிரிக்கப் போனாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சிரித்த முகமாகத்தான் மராட்டியில் சொன்னாள். அங்கே வேண்டாம் காக்கூ, மைதானத்தில் டேப்பைப் பிரித்த பிறகு ராக்கெட் அது வழியாகத்தான் மூச்சு விடும், போன வருஷம் யாரோ ஒருத்தருடைய அம்மா வந்து அந்தத் துளைகளில் சந்தனத்தை அடைத்துவிட்டாராம், காற்றே போகாமல் கருவிக்கு ஒன்றும் தெரியவில்லையாம், நேரே வந்து மண்ணில் குத்திவிட்டதாம். அதனால் இப்போது பொட்டெல்லாம் வால் இறக்கையில்தான் என்று காட்டினாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் தரையைப் பார்த்தான். இன்னொருத்தி அந்தச் சின்னப் பெண்ணின் தோளைத் தொட்டாள். பானு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரியும். அவள் தட்டு சாய்ந்து குங்குமம் சேலையில் கொட்டியது.

சலீம் ஓடிவந்து அவளை வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். தண்ணீர் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. விழுந்து கிடந்த குழாயைத் திறந்தபோது துளைகளில் சந்தனம் கல்லாக இறுகி இருந்ததைச் சபரிதான் முதலில் பார்த்தான் என்று சொன்னான். அதற்கு முன் எல்லோரும் சலீமின் ஒயரைத்தான் சந்தேகப்பட்டார்களாம். சபரி அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டானாம்.

“அவன் இன்னா சொன்னான் இவங்ககிட்ட?”

“அம்மா எங்க வைக்கிறதுன்னு கேட்டாங்க, நான்தான் பாக்காம எங்கனான்னு சொன்னேன், தப்பு என்னுதுன்னு சொன்னான் ஆண்டி. அந்தக் கம்பெனிக்காரங்ககிட்டயும் அதேதான். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கினான்.”

சலீம் கொஞ்ச நேரம் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“கிரவுண்டுல நானும் பாத்தேன் ஆண்டி. துளை மேல இருக்குதேன்னு துடைக்கக் கைய கொண்டு போனேன். பொட்டாச்சே. நான் எப்படித் துடைக்கறது? உட்டுட்டேன். அதான் வூட்டுக்கு வர்றதில்ல.”

அவள் அவன் தலையில் கை வைத்தாள். வைத்த பிறகு, அந்தக் கையைப் பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பரமசிவம் இரவு வேலைக்குச் சீருடை மாட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எது என்று அவர் கேட்கவில்லை. தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றாள். அவர் பெல்ட்டை இறுக்கி, ஊக்கை மாட்டி, தொப்பியைத் தேடி எடுத்தார்.

“சொல்லத்தான் பாத்தேன். அவன் வேணாம்னுட்டான். அம்மாவுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்பா, உட்டுடுன்னான்.”

அவர் போன பிறகு பானு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ராக்கெட் விழுந்ததற்கு அவள் அழவில்லை. தெரியாமல் செய்த தப்புதான் அது. ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷமாகச் சொந்தக்காரர்கள் முன்னாலும் சோற்றுத் தட்டு முன்னாலும் அவனைக் குத்திக் குத்திப் பேசியது தெரியாமல் செய்தது இல்லை. ஒவ்வொரு தடவையும் அவன் தலை குனிந்து சாப்பிட்டது கண் முன் வந்தது. ஒரு வார்த்தை அவன் திருப்பிச் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நவமியன்று தொழிற்சாலையில் தட்டை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். விரல் சுளுக்கு என்றாள். மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். கடைசியில் வேறொருத்தி வைத்தாள். சாப்பாட்டு மணிக்குள் பாதிப் பொட்டு தரையில் கிடந்தது. எல்லோரும் பானுவைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.

தசராவன்று காலையில் சந்தெல்லாம் வண்டிகளைக் கழுவிச் செண்டுமல்லி மாலை போட்டிருந்தார்கள். சபரிக்கு அன்றைக்கும் ஷிஃப்ட் இருந்தது. பைக்கைத் துடைத்து, தானே மாலையைக் கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்தான். பழக்க தோஷத்தில் பானு சந்தனம் குழைத்துவிட்டாள். கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். அந்த வண்டியில் எத்தனை திருகாணி, எத்தனை துளை. எல்லாம் அவள் போன வருஷம்வரை யோசிக்காமல் சந்தனம் அடைத்தவைதான். இப்போது எது எதற்காகத் திறந்திருக்கிறதோ என்று பயமாக இருந்தது. பையன் நெடுஞ்சாலையில் போகிறவன். பொட்டு வைக்காமல் அனுப்பவும் பயமாக இருந்தது.

“எங்க வைக்கட்டும் சபரி?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டான். இந்த வண்டி வாங்கியதிலிருந்து அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். எதிர்வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

“எங்கனா வைம்மா” என்றான். அவசரப்படுத்தவில்லை.

பானு பெட்ரோல் டேங்கின் மேல், துளையோ திருகாணியோ இல்லாத வெறும் தகரத்தில், அழுத்தாமல் நுனிவிரலால் வைத்தாள். குங்குமம் வைத்தாள். அவன் குனிந்து அவள் காலைத் தொட்டுவிட்டு வண்டியை உதைத்தான். கிளம்பின அதிர்விலேயே சந்தனம் நழுவி வாசலில் விழுந்தது. அவன் கவனிக்கவில்லை, சந்து திரும்பிப் போய்விட்டான். அவள் கூப்பிடவும் இல்லை. யாராவது மிதிப்பதற்குள் அதை முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.